பெரிய மீன்தொட்டிகளில் குளவடிகட்டிகள்

பெரிய மீன்தொட்டிகளில் குளவடிகட்டிகள் என்பது, தோட்டக் குளங்களுக்காக உருவாக்கப்பட்ட வடிகட்டிகளையும் பம்புகளையும் கட்டடங்களுக்கு உள்ளே வைக்கப்படும் பெரிய கண்ணாடித் தொட்டிகளில் பயன்படுத்தும் முறையைக் குறிக்கும். ஏறத்தாழ 500 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிகளில் இம்முறை கையாளப்படுகின்றது. மீன்தொட்டிகளுக்கென்றே செய்யப்படும் மூடிய உருளை வடிகட்டிகளில் பெரியவைகூடப் பொதுவாகப் பத்துப் பதினைந்து லிட்டர் வடிகட்டி ஊடகத்தையே கொள்ளும். குளவடிகட்டி ஒன்றில் அதைப்போலப் பல மடங்கு இடம் உண்டு. லிட்டர் கணக்கில் பார்த்தால் விலையும் குறைவு. அரோவானா, ஆஸ்கார், கோய் கெண்டை போன்ற பெரிய, அதிகம் உண்ணும் மீன்களை வளர்ப்போர் இதனாலேயே குளக்கருவிகளை நாடுகின்றனர்.

ஆயினும் குளத்துக்காகச் செய்யப்பட்ட கருவியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. அதன் பெட்டியில் அச்சிடப்படும் கொள்ளளவு எண்கள் வேறு சூழலுக்கானவை. குளக்கரையில் நீர் கசிந்தால் மண் உறிஞ்சிக்கொள்ளும். கூடத்தில் கசிந்தால் அந்நீர் மின்பெட்டியையும் கீழ்த்தளத்தையும் தேடிச் செல்லும். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் புதுச்சேரி நகரின் நீர், வீடு, வானிலை ஆகியவற்றை ஒட்டித் தரப்பட்டுள்ளன. கிழக்குக் கடற்கரையோர ஊர்கள் பலவற்றுக்கும் அவை பொருந்தும். கணக்குகள் அனைத்தும் 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட ஒரே தொட்டியை அடிப்படையாகக் கொண்டவை. இதன் அளவு 180 × 60 × 60 செ.மீ.; விளிம்புவரை நிரப்பினால் 648 லிட்டர்.

பின்னணி

கண்ணாடித் தொட்டியில் மீனையும் செடியையும் சமநிலையில் வைத்து வளர்க்கலாம் என்பதை 1850 இல் இங்கிலாந்தின் இராபர்ட் வாரிங்டன் விளக்கினார். பிலிப் காசு 1854 இல் வெளியிட்ட நூலால் 'அக்குவேரியம்' என்னும் சொல் பரவியது. அக்காலத் தொட்டிகளில் பம்போ வடிகட்டியோ இல்லை. மீன்கள் சில, செடிகள் பல என்பதே முறை. இந்தியாவில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் 1909 இல் சென்னை மெரினா கடற்கரையில் அமைந்தது. புதுச்சேரியில் 1826 இல் பிரெஞ்சு ஆட்சியாளர் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குள் பிற்காலத்தில் ஒரு மீன்காட்சியகம் அமைக்கப்பட்டது.

குளவடிகட்டி வேறு வழியில் வந்தது. கோய் கெண்டைகளை நெருக்கமாக வளர்த்த ஜப்பானியரும், பின்னர் ஐரோப்பியத் தோட்டக்காரரும், பல அறைகள் கொண்ட பெரிய வடிகட்டிகளை வளர்த்தெடுத்தனர். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் தொழில்நுட்பமும் இதில் கலந்தது. நீரில் மிதந்து சுழலும் சிறு நெகிழிச் சக்கரங்கள், 1980களின் பிற்பகுதியில் நார்வேயில் கழிவுநீருக்காக உருவாக்கப்பட்டவை. இன்று அவை மீன் கடைகளில் கே1 ஊடகம் என்ற பெயரில் விற்கப்படுகின்றன.

குளமும் தொட்டியும்

தோட்டக் குளத்தில் வெயில் விழும். எனவே நீர் பச்சையாவதே அங்கு முதற் சிக்கல். மீன்களோ நீரின் அளவோடு ஒப்பிடக் குறைவு. வீட்டுத் தொட்டியில் நிலைமை நேர்மாறு: வெயில் இல்லை, மீன் நெருக்கம் அதிகம், நாள்தோறும் தீனி விழுகின்றது. ஆகவே '12,000 லிட்டர் குளத்துக்கு ஏற்றது' என்று பெட்டியில் இருப்பதால் 648 லிட்டர் தொட்டிக்கு அது பதினெட்டு மடங்கு பெரியது என்று முடிவு செய்வது தவறாகும். ஐரோப்பிய நிறுவனங்கள் சில தம் பெட்டிகளிலேயே மூன்று எண்களைத் தருகின்றன: மீன் இல்லாத குளத்துக்கு ஒன்று, மீன் உள்ள குளத்துக்கு அதில் பாதி, கோய் குளத்துக்கு அதிலும் பாதி. விளம்பரத்தில் முதல் எண்ணே பெரிய எழுத்தில் இருக்கும். வாங்குபவர் பார்க்கவேண்டியது மூன்றாவது எண்ணை. அதையும் தீனியின் அளவைக் கொண்டு சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தீனியிலிருந்து கணக்கிடுதல்

மீன் உண்ணும் புரதத்தின் நைட்ரசன் பெரும்பகுதி அமோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேறுகின்றது. மீன்வளர்ப்புப் பொறியியலில் வழங்கும் வாய்பாட்டின்படி, தீனியின் எடையைப் புரத விகிதத்தாலும் 0.092 என்ற எண்ணாலும் பெருக்கினால் ஒரு நாளில் உருவாகும் அமோனியா நைட்ரசன் கிடைக்கும். 40 விழுக்காடு புரதமுள்ள தீனி நாளொன்றுக்கு 30 கிராம் இடப்பட்டால் அது ஏறத்தாழ 1.1 கிராம் ஆகும்.

இந்த அமோனியாவை நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்விரு படிகளுக்கும் வெவ்வேறு உயிரிகளே தேவை என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வினோகிராட்சுகி செய்த ஆய்வுகள் முதல் நிலவிய கருத்து. 2015 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இரு படிகளையும் தானே செய்யும் நைட்ரோசுபைரா வகை உயிரிகளைக் கண்டறிந்தன. அவற்றுள் ஒரு குழுவின் மாதிரி, மீன்வளர்ப்பு நீரைச் சுழற்றும் ஓர் அமைப்பின் வடிகட்டியிலிருந்தே எடுக்கப்பட்டது என்பது மீன் வளர்ப்போர் மகிழத்தக்க செய்தி.

நுண்ணுயிரிகள் பரப்பில் ஒட்டி வாழ்வதால் ஊடகத்தின் பரப்பளவே முதன்மையானது. தொட்டி நீரில் அமோனியா மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்பதால், ஒரு சதுர மீட்டர் பரப்பு நாளொன்றுக்கு 0.1 கிராம் அமோனியா நைட்ரசனையே மாற்றும் எனக் கொண்டு கணக்கிடுவது பாதுகாப்பானது. மேற்கண்ட தொட்டிக்கு 11 சதுர மீட்டர் தேவை. கே1 ஊடகத்தின் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 500 சதுர மீட்டர் பாதுகாக்கப்பட்ட பரப்பு உண்டு. எனவே 22 லிட்டர் ஊடகம் போதும்.

இக்கணக்கு இரண்டு செய்திகளைத் தருகின்றது. ஒன்று, ஓர் உருளை வடிகட்டி இத்தகைய தொட்டிக்குப் போதாமற் போகலாம் என்ற ஐயம் நியாயமானதே. மற்றொன்று, 100 லிட்டர் குளவடிகட்டியின் பெரும்பகுதி நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படுவதே இல்லை. அந்த மிகை இடம் உண்மையில் தருவது கழிவைத் தேக்கிவைக்கும் வசதி: வாரம் ஒருமுறை கழுவவேண்டிய பஞ்சை மாதம் ஒருமுறை கழுவினால் போதும். கண்ணுக்குத் தெரியாமல் பெட்டிக்குள் கிடக்கும் கழிவும் தொட்டி நீரோடு கலந்தே இருக்கின்றது. அது அழுகித் தரும் நைட்ரேட்டை எந்த வடிகட்டியும் எடுத்துவிடாது. பெரிய வடிகட்டி வாங்கியதும் நீர் மாற்றுவதைக் குறைப்பது பலரும் செய்யும் பிழை.

நுண்ணுயிரிகள் உயிர்வாயுவையும் நீரின் காரத்தன்மையையும் செலவிடுகின்றன. ஒரு கிராம் அமோனியா நைட்ரசன் மாற 4.57 கிராம் உயிர்வாயுவும், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் 7.14 கிராம் காரத்தன்மையும் தேவை. லிட்டருக்கு 150 மில்லிகிராம் காரத்தன்மை கொண்ட 648 லிட்டர் நீரில் மொத்தம் 97 கிராம் உள்ளது, நாளொன்றுக்கு 7.9 கிராம் செலவாகும். நீர் மாற்றாவிட்டால் அது சுமார் 12 நாட்களுக்கே வரும். அதன் பின் நீரின் பி.எச். சரிந்து நுண்ணுயிரிகளின் வேலையும் தளரும்.

வடிகட்டி வகைகள்

தோட்டக் குளங்களுக்கு விற்கப்படுபவற்றை வீட்டுக்குள் வைக்கும் நோக்கில் இரண்டாகப் பிரிக்கலாம். திறந்த பெட்டி வடிகட்டியில் பம்பு நீரை மேலே தள்ளும். பஞ்சு, தூரிகை, ஊடகம் ஆகியவற்றைக் கடந்த நீர் ஈர்ப்பு விசையால் அகன்ற குழாய் வழியே தொட்டிக்குத் திரும்பும். இதனைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே மட்டுமே வைக்கமுடியும். தாங்கியின்மேல் தொட்டி, அதன்மேல் நூறு கிலோ எடையுள்ள பெட்டி என்பது பார்வைக்கு அழகன்று. தொட்டியின் பின்புறம் தனி இரும்புத் தாங்கியில் வைப்பது வழக்கம். இருநூறு லிட்டர் நெகிழி டிரம்மை வெட்டி, டேங்க் நிப்பிள் பொருத்திச் செய்யப்படும் உள்ளூர் வடிகட்டிகளும் இவ்வகையினவே. கடையில் வாங்கியதைவிட அவை எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல.

மூடிய அழுத்த வடிகட்டி தொட்டிக்குக் கீழேயும் இருக்கலாம். இதன் மூடி ஓர் இரப்பர் வளையத்தால் அடைக்கப்பட்டிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை 0.2 முதல் 0.4 பார் வரையான அழுத்தத்தையே தாங்கும்படி செய்யப்பட்டவை. தொட்டியின் நீர்மட்டம் வடிகட்டியைவிட 1.4 மீட்டர் உயரத்தில் இருந்தால் மூடியின்மேல் 0.14 பார் அழுத்தம் எப்போதும் இருக்கும். வெளியேறும் குழாய் அடைபட்டால் பம்பின் முழு அழுத்தமும் இதனோடு சேரும். 3 மீட்டர் ஏற்றவுயரம் கொண்ட பம்பு 0.3 பார் தரும். கூட்டுத்தொகை 0.44 பார். குளக்கரையில் நீர்மட்டத்தோடு ஒட்டி வைக்கப்படும்போது வராத இந்த மிகையழுத்தம் வீட்டுக்குள்தான் வருகின்றது. ஆகவே வெளியேறும் குழாயில் அடைப்பான் வால்வு வைத்து நீரோட்டத்தைக் குறைக்கக்கூடாது. குறைக்கவேண்டுமெனில் பம்பின் பக்கத்தில் வைக்கவேண்டும்.

அழுத்த வடிகட்டிகள் பலவற்றில் புறவூதா விளக்கு ஒன்றும் இருக்கும். 254 நானோமீட்டர் அலைநீள ஒளி மிதக்கும் பாசியைக் கொல்லும். வெயில் படாத தொட்டியில் பச்சைநீர் அரிது என்பதால் இவ்விளக்கு பெரும்பாலும் தேவையற்ற மின்செலவே. சன்னலோரத் தொட்டிகளுக்கு மட்டும் பயன் உண்டு.

பம்பின் எண்கள்

தமிழ் நூல்களில் எக்கி என்றும் பேச்சில் பம்பு என்றும் வழங்கும் இக்கருவியின் உறையில் இரண்டு எண்கள் இருக்கும். 'மணிக்கு 4000 லிட்டர், 3 மீட்டர்' என்பது எடுத்துக்காட்டு. நீரை 3 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 4000 லிட்டர் வீதம் ஏற்றும் என்பது இதன் பொருள் அன்று. உயரமே இல்லாதபோது 4000 லிட்டர். 3 மீட்டரில் ஒரு சொட்டும் இல்லை. பம்புக் கடைகளில் 'ஹெட்' எனப்படும் ஏற்றவுயரம் இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கும்போது கிடைக்கும் நீரை நிறுவனம் தரும் வளைகோட்டில் பார்க்கவேண்டும். அதிகபட்ச உயரத்தில் பாதிக்கு, பெரும்பாலும் அதிகபட்ச நீரின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கிடைக்கும்.

உயரத்தை எங்கிருந்து அளப்பது என்பதில் குழப்பம் நிலவுகின்றது. திறந்த பெட்டி வடிகட்டிக்குத் தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து பெட்டியின் நுழைவாய் வரை அளக்கவேண்டும். பம்பு தொட்டியின் அடியில் கிடப்பதால் உயரம் கூடிவிடாது. தொட்டிக்குக் கீழே வைத்த அழுத்த வடிகட்டியில், நீர் இறங்கி மீண்டும் அதே மட்டத்துக்கே ஏறுவதால் உயரம் ஏறத்தாழ சுழியம். குழாய், ஊடகம் ஆகியவற்றின் உராய்வை மட்டும் பம்பு வெல்லவேண்டும். 'கீழிருந்து ஏற்றவேண்டுமே' என்று இதற்கு வலிமை மிகுந்த பம்பு வாங்குவது வீண்.

உராய்வு சிறிதன்று. மணிக்கு 3000 லிட்டர் நீர் 20 மி.மீ. உள்விட்டக் குழாயில் நொடிக்கு 2.65 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒவ்வொரு மீட்டர் குழாய்க்கும் ஏறத்தாழ 45 செ.மீ. ஏற்றவுயரம் இழக்கப்படும். 40 மி.மீ. குழாயில் அதே நீருக்கு இழப்பு மீட்டருக்கு ஒன்றரை செ.மீ. அளவே. முக்கால் அங்குலக் குழாய்க்குப் பதில் ஒன்றரை அங்குலக் குழாய் போடுவது, அடுத்த அளவுப் பம்பு வாங்குவதைவிட மலிவு, மின்கட்டணமும் கூடாது.

தொட்டி நீர் மணிக்கு நான்கு முதல் ஆறு முறை வடிகட்டியைக் கடக்கவேண்டும் என்பது மீன்தொட்டி வளர்ப்போரிடையே உள்ள வழக்கம். நம் தொட்டிக்கு 5 முறை எனில் மணிக்கு 3240 லிட்டர். குளங்களில் மணிக்கு ஒன்றோ அதற்குக் குறைவோ போதும் எனக் கருதப்படுகின்றது. சில குளவடிகட்டிகளின் அறைகள் அந்த மெதுவான ஓட்டத்துக்கே அமைந்தவை. வேகமாக ஓட்டினால் கழிவு படியாமல் பஞ்சைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடும்.

பம்பு ஆண்டு முழுதும் நில்லாமல் ஓடுவது. 40 வாட் பம்பு 30 நாட்களில் 28.8 யூனிட் மின்சாரம் எடுக்கும். வீட்டின் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக்கை இதற்குப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. அதன் தண்டுக்குக் கிடைக்கும் திறனே 370 வாட். இழப்புகளைச் சேர்க்காமலேயே மாதம் 266 யூனிட். இருபது மீட்டர் ஏற்றவேண்டிய கருவியை இரண்டு மீட்டருக்குள் ஓட்டுவதால் பெரும்பகுதி ஆற்றல் வீண். அதன் பித்தளைப் பாகங்களிலிருந்து கரையும் செம்பு இறால்களுக்கும் நத்தைகளுக்கும் நஞ்சு. ஏர்கூலர் பம்புகள் மலிவானவை. சிறிய பெட்டி வடிகட்டிக்குப் போதும். ஆனால் ஏற்றவுயரம் இரண்டு மீட்டரை எட்டாதவையே மிகுதி.

நீருக்குள் மூழ்கி ஓடும் பம்பின் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாக நீரிலேயே சேரும். வெப்பம் வெளியேறாது எனக் கொண்டால் 40 வாட் பம்பு நம் தொட்டியை ஒரு நாளில் 1.3 பாகை செல்சியசு உயர்த்தும். மே மாதப் புதுச்சேரியில் இது கவனிக்கவேண்டியது. 25 பாகையில் நன்னீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கொள்ளும். 32 பாகையில் 7.3 மட்டுமே. நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதலால் நீர் குளிரும்.

குளப் பம்புகள் 6 முதல் 10 மி.மீ. வரையுள்ள கழிவுத் துண்டுகளை உள்ளே விடும்படி செய்யப்பட்டவை. குளத்தில் அது சிறப்பு. சிறுமீன்களும் குஞ்சுகளும் உள்ள தொட்டியில் கேடு. நுழைவாயில் கரடுமுரடான பஞ்சு உறை போடவேண்டும். எண்ணெய் நிரப்பிய பழைய வகை நீர்மூழ்கிப் பம்புகளைத் தொட்டியில் இறக்கவே கூடாது. கடல்நீர்த் தொட்டிக்குப் பீங்கான் அச்சு கொண்ட பம்பு வேண்டும். நன்னீர்க் குளத்துக்கான எஃகு அச்சும் திருகுகளும் உப்பில் அரிபடும்.

நீர் தரைக்கு வரும் வழிகள்

நம் தொட்டியில் ஒரு செ.மீ. ஆழம் என்பது 10.8 லிட்டர். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் விபத்துகளின் அளவை முன்கூட்டியே கணிக்கலாம்.

மின்சாரம் நின்றதும் குழாய்களில் நீர் பின்னோக்கி ஓடத் தொடங்கும். திரும்பு குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்து, வடிகட்டியின் மூடியோ இணைப்போ கசிந்தால் 108 லிட்டர் வெளியேறும். வாய் தரைவரை நீண்டிருந்தால் தொட்டி முழுவதும் வெளியேறும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளை இட்டால், மட்டம் அதனை எட்டியதும் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுபடும். பம்பிலிருந்து மேலேறும் குழாய்க்கும் இதே துளை தேவை. பம்பு ஓடும்போது அதன் வழியே சிறிது நீர் பீறிடும், அது தொட்டிக்குள்ளேயே விழுமாறு பார்த்துக்கொண்டால் போதும். நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்புவது அறிவுடைமை அன்று. மீன் கழிவும் பாசியும் சேர்ந்த வால்வு, மூடவேண்டிய நாளில் மூடாது.

திறந்த பெட்டியில் ஆபத்து வேறு. பஞ்சு அடைபட்டாலோ திரும்பு குழாயில் செடி சிக்கினாலோ பெட்டி நிரம்பி வழியும். பம்போ நிற்காமல் தொட்டி நீரைத் தரையில் கொட்டிக்கொண்டே இருக்கும். பெட்டியின் விளிம்புக்குக் கீழே ஒரு மிகைநீர்க் குழாய் வைத்து அதனைத் தொட்டிக்கே திருப்பிவிடவேண்டும். அதற்கும் மேலாக, பம்பின் நுழைவாயை நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே அமைத்தால், எது நடந்தாலும் கொட்டுவது 108 லிட்டரோடு நிற்கும், மீன்கள் பிழைக்கும். ஆனால் உயரத்தில் உள்ள பம்பு அடித்தரைக் கழிவை இழுக்காது. பம்பை அடியில் வைக்க விரும்புவோர் நீர்மட்டம் தாழ்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மிதவை சுவிட்சைச் சேர்க்கவேண்டும்.

மின் இணைப்பைத் தொட்டிக்கு மேலே வைப்பதும், மின்கம்பி ஒருமுறை கீழே வளைந்து பின் மேலேறிச் செல்லுமாறு விடுவதும் கம்பிவழியே வடியும் நீர் சுவிட்சை எட்டாமல் தடுக்கும். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் நீர்மூழ்கிப் பம்பை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. தொட்டிக்குள் கை விடுமுன் பம்பை நிறுத்தவேண்டும் என்ற விதிக்கு ஆர்.சி.சி.பி. மாற்று ஆகாது.

புயலும் மின்தடையும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து நகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் பெருமழையோடு மின்தடை வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இத்தகைய தடை எதிர்பார்க்கத்தக்கதே.

மூடிய வடிகட்டி நின்றால் உள்ளிருக்கும் உயிர்வாயுவை நுண்ணுயிரிகள் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பின்னர் அழுகல் தொடங்கும். வடிகட்டி பெரிதாக இருந்து கழிவும் தேங்கியிருந்தால் இது விரைவில் நிகழும். மின்சாரம் திரும்பியதும் பம்பு தானாக ஓடத் தொடங்கி, கறுத்து நாற்றமெடுத்த அந்நீரைத் தொட்டிக்குள் தள்ளும். தடையைத் தாங்கிய மீன்கள் மின்சாரம் வந்தபின் இறப்பதற்கு இதுவே காரணம். தடை நீடித்தால் பம்பின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மின்சாரம் வந்தபின் வடிகட்டி நீரை வெளியே கொட்டி, ஊடகத்தைத் தொட்டி நீரில் அலசியபின்னரே மீண்டும் ஓட்டவேண்டும். திறந்த பெட்டியில் நீரை வடித்துவிட்டு ஊடகத்தை ஈரமாகக் காற்றில் விட்டால் நுண்ணுயிரிகள் கூடுதல் நேரம் பிழைக்கும்.

தடை நேரத்தில் மீனுக்குத் தேவை வடிகட்டல் அன்று, காற்று. பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று இன்வெர்ட்டரைவிட நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். இன்வெர்ட்டரில் ஓட்டுவதெனில், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் 1800 வாட்-மணியில் பாதியைப் பயன்படுத்தலாம் எனக் கொண்டால், இழப்புகள் நீங்கலாக 40 வாட் பம்பு ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும். அதே பேட்டரியில் வீட்டின் மின்விசிறியும் விளக்கும் ஓடுகின்றன என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் காந்தச் சுழலிப் பம்புகள் உறுமும், சூடேறும். தடையின்போது தீனி போடக்கூடாது.

புதுச்சேரி நீர்

புதுச்சேரி நகரம் நெடுங்காலமாக நிலத்தடி நீரையே நம்பியுள்ளது. பாரதி பூங்காவில் உள்ள ஆயி மண்டபம், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுப்பப்பட்டது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்னும் கணிகையின் கதை அப்பெயரில் வாழ்கின்றது. கடலோர ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் இன்று உப்பு ஏறியுள்ளதால் ஒரே நகரில் தெருவுக்குத் தெரு நீர் வேறுபடும். வாங்கிய மீனின் கடை நீரையும் வீட்டு நீரையும் எளிய டி.டி.எஸ். மானியால் ஒப்பிடுவது பயனுள்ளது.

கடினநீர் நுண்ணுயிரிகளுக்கு உகந்தது. மேலே சொன்ன காரத்தன்மைச் செலவை அது ஈடுகட்டும். மறுபுறம், பி.எச். உயர்ந்த வெந்நீரில் அமோனியாவின் நச்சு வடிவம் பெருகும். பி.எச். 7, 25 பாகையில் மொத்த அமோனியாவில் 0.6 விழுக்காடே நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8, 30 பாகையில் அது 7.5 விழுக்காடு. குளிர்நாட்டு வழிகாட்டிகள் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அமோனியா அளவு இங்கு மீனைக் கொல்லக்கூடும். எனவே புதிய வடிகட்டி பழகுவதற்கு வேண்டிய நான்கு முதல் ஆறு வாரங்களில் மீன்களைச் சிறிது சிறிதாகவே சேர்க்கவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் நல்ல தொட்டியிலிருந்து ஒரு பிடி ஊடகம் கிடைத்தால் இக்காலம் வெகுவாகக் குறையும்.

பம்பின் சுழலியிலும் புறவூதா விளக்கின் கண்ணாடி உறையிலும் சுண்ணாம்பு படியும். எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்தால் அது கரையும். குளோரின் கலந்த குழாய் நீரில் ஊடகத்தைக் கழுவினால் நுண்ணுயிரிகள் அழியும். நீர் மாற்றும்போது எடுத்த தொட்டி நீரை ஒரு வாளியில் வைத்து அதில் அலசுவதே முறை. பஞ்சையும் ஊடகத்தையும் ஒரே நாளில் கழுவக்கூடாது.

தரையின் தாங்குதிறன்

நம் தொட்டியின் நீர் 648 கிலோ, 12 மி.மீ. கண்ணாடி ஏறத்தாழ 120 கிலோ. இவ்வெடை 1.08 சதுர மீட்டரில் இறங்குகின்றது. தாங்கியைச் சேர்க்காமலேயே சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். ஐ.எஸ். 875 இந்தியத் தரம் குடியிருப்பு அறைகளுக்குக் கொள்ளச் சொல்லும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. அந்த 200 கிலோ அறை முழுதும் பரவியதாகக் கணக்கிடப்படுவதால், கான்கிரீட் தளத்தில் சுவரையும் உத்திரத்தையும் ஒட்டி வைக்கப்பட்ட தொட்டி பெரும்பாலும் தாங்கப்படும்.

புதுச்சேரியின் பழைய தெருக்களில் உள்ள மாடி வீடுகளுக்கு இந்த ஆறுதல் இல்லை. அவற்றின் மேல்தளம் பல இடங்களில் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறையில் அமைந்தது: மர உத்திரங்கள்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்த தளம். நூறாண்டு கண்ட மரத்தின் உட்புறம் கறையான் அரித்திருப்பதை மேலிருந்து அறியமுடியாது. தொட்டியிலிருந்து நாள்தோறும் கசியும் சில துளிகள் அந்த மரத்தின் முனையை நனைத்துக்கொண்டே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இத்தகைய வீட்டில் பெரிய தொட்டியைத் தரைத்தளத்தில் வைக்கவேண்டும். மாடியில்தான் வேண்டுமெனில், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் உத்திரங்களைப் பார்த்தபின்னரே வைக்கவேண்டும். தொட்டியின் எடையோடு நீர் நிரம்பிய வடிகட்டியின் எடையையும் அவரிடம் சொல்லவேண்டும். 100 லிட்டர் குளவடிகட்டி கூடுதலாக ஓர் ஆளைவிட அதிக எடை.